லாபம் தமிழில், ரிஸ்க் ஆங்கிலத்திலா?

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும், அந்தச் சங்க மேடைகளில் முதலீட்டுப் பட்டறை நடத்தும் நிதி ஆலோசகர்களுக்கும்,

எங்கள் சங்கத்தின் தீபாவளி விழாவில் இந்த ஆண்டும் "ஓய்வுக்காலத்துக்கு வரியில்லா வருமானம்" என்ற பேச்சு உண்டு என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பேசப்போகிறவர்தான் விழாவின் முதன்மை ஸ்பான்சர். பேச்சு முனிசிபல் பாண்டுகளைப் பற்றியது, அதாவது மாநில, நகர நிர்வாகங்கள் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்கள். அவற்றின் வட்டிக்கு அமெரிக்க மத்திய அரசின் வருமான வரி பொதுவாக இல்லை. போன முறை கேள்வி கேட்கக் கை தூக்கியவர்களிடம் "நேரமாச்சு, சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அதனால் இந்த முறை கேள்விகளுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், ரிஸ்க் பற்றியும் ஒருவர் பேசட்டும் என்று குழுவுக்கு எழுதிக் கேட்டேன். ஸ்பான்சரின் மனம் கோணும்படி எதுவும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. ஆகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன். எங்கள் சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மற்ற மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் சொல்வதைக் கேட்டால், பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது.

நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவன். வரிக் காலத்தில் தெரிந்த பெரியவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவுவேன். எனவே மேடையில் நீங்கள் சொல்வது சில மாதங்கள் கழித்து, முதலீட்டு வருமானத்தைக் காட்டும் 1099 படிவங்களாக என் மேசைக்கு வந்துவிடும்.

அப்படி வந்த ஒன்று, கணவரை இழந்த ஒரு அக்காவுடையது. 2021இல் ஆயுள் காப்பீட்டுப் பணம் அவர் கைக்கு வந்தது. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சின்னதாக ஒரு வீடு வாங்குவது திட்டம். அதுவரை பணம் பத்திரமாக இருந்தால் போதும். பட்டறையில் கேட்டதை நம்பி, அந்தப் பேச்சாளர் மூலமாகவே, முழுத் தொகையையும், இப்படிப்பட்ட பல பத்திரங்களை மொத்தமாக வைத்திருக்கும் நீண்டகால முனிசிபல் பாண்டு ஃபண்ட் ஒன்றில் போட்டார். "ஊர் நிர்வாகம் வாங்குற கடன், அரசாங்கம் மாதிரி, முதல் எங்கேயும் போகாது, வரியும் இல்லை" என்று சொன்னார்களாம். அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி விகிதம் டிசம்பருக்குள் 4.25 முதல் 4.5 சதவீதத்துக்குப் போனது. முனிசிபல் பாண்டு சந்தையின் முக்கியக் குறியீடு அந்த ஓராண்டில் சுமார் 8.5 சதவீதம் இறங்கியது. நீண்டகாலப் பத்திரங்கள் அதைவிட அதிகமாக விழுந்தன. வீட்டுக்காகப் பணம் எடுக்க வேண்டிய நேரத்தில் அக்கா நஷ்டத்தில் விற்றார். அந்த நஷ்டத்தை வரியில் கழிக்கலாமா என்று கேட்டார். கழிக்கலாம். ஆனால் ஈடுகட்ட வேறு மூலதன லாபம் இல்லாதவர்கள், சம்பளம், பென்ஷன் போன்ற வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரைதான் கழிக்க முடியும் என்று சொன்னபோது, "முதல் போகாதுன்னுதானே தம்பி சொன்னாங்க" என்றார்.

இதில் எந்த ஊரும் திவாலாகவில்லை, ஒரு தவணை வட்டிகூட நிற்கவில்லை. அப்படியிருந்தும் பணம் குறைந்தது. பாண்டு என்றால் கடன் வாங்கியவர் ஏமாற்றுவாரா மாட்டாரா என்பது மட்டும்தான் ரிஸ்க் என்று நம் மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பை நீங்கள் திருத்துவதில்லை. 20 ஆண்டுப் பத்திரம் ஒன்றை 3 சதவீத வட்டிக்கு 10,000 டாலர் கொடுத்து வாங்கினால், சந்தை வட்டி 4 சதவீதமாக ஏறிய நாளில் அதன் விலை சுமார் 8,630 டாலர். 4.5 சதவீதமானால் சுமார் 8,040. புதிதாக வரும் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழையதை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். இதை ஐந்து நிமிடத்தில் யாருக்கும் புரியவைத்துவிடலாம். நானே எண்பது வயதுப் பெரியவர் ஒருவருக்குப் புரியவைத்திருக்கிறேன். அடுத்து அவர் கேட்ட கேள்வி என்னைவிடக் கூர்மையாக இருந்தது: "அப்போ காலம் முடியுற வரைக்கும் வெச்சிருந்தா?"

சரியான கேள்வி. தனிப் பத்திரமாக வாங்கி, முதிர்வு வரை வைத்திருந்து, ஊரும் ஒழுங்காகக் கட்டினால் முகமதிப்பு, அதாவது பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகை, முழுதாகத் திரும்பி வரும். ஃபண்டுக்கு முதிர்வு நாள் என்று ஒன்று கிடையாது. இந்த வித்தியாசத்தை நான் கேட்ட எந்தப் பட்டறையிலும் யாரும் சொல்லவில்லை. தனிப் பத்திரத்திலும் கூடப் பெரும்பாலானவற்றில், பத்து ஆண்டுகள் போல ஆனபின் முன்கூட்டியே கடனைத் திருப்பிக் கட்டிவிடும் உரிமை ஊர் நிர்வாகத்துக்கு உண்டு. வட்டி குறைந்த காலத்தில்தான் அவர்கள் அந்த உரிமையைப் பயன்படுத்துவார்கள். வட்டி ஏறினால் நாம் மாட்டிக்கொள்வோம், இறங்கினால் அவர்கள் கழன்றுகொள்வார்கள். இதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

அக்கா அந்த ஆலோசகரைக் கேட்டபோது கிடைத்த பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "எல்லாம் பிராஸ்பெக்டஸில் இருக்கிறதே, படித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்றாராம். ஃபண்டின் விவரங்களைச் சொல்லும் சட்ட ஆவணம்தான் பிராஸ்பெக்டஸ். உண்மை, இருக்கிறது. நானும் படித்தேன். பொடி எழுத்தில், சட்ட ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் விற்றது தமிழில். பொங்கல் விழாவில், "நம்ம ஊர்க்காரர்" என்ற அறிமுகத்தோடு, "அக்கா", "ஐயா" என்று கூப்பிட்டு, குறளும் சொல்லி விற்றது. நோய் தீரும் என்பதைத் தமிழில் சொல்லிவிட்டு, பக்கவிளைவுகளை லத்தீனில் எழுதிக் கொடுக்கும் வைத்தியரை நாம் என்ன சொல்வோம்? சட்டப்படி நீங்கள் செய்தது சரியாகவே இருக்கலாம். மோசடி என்று நான் சொல்லவில்லை. லாபத்தை எந்த மொழியில் சொன்னீர்களோ, ரிஸ்க்கையும் அதே மொழியில், அதே மேடையில், அதே குரலில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நீங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முனிசிபல் பாண்டுக்கு நான் எதிரி இல்லை. பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய், பாலம் என்று இந்த நாட்டில் நாம் தினமும் பயன்படுத்தும் பாதி விஷயங்கள் இப்படிக் கடன் வாங்கிக் கட்டியவைதான். மதிப்பீடு உயர்ந்த முனிசிபல் பத்திரங்களில் கடன் திரும்பாமல் போவது மிக அரிது, கம்பெனிப் பத்திரங்களைவிடப் பல மடங்கு அரிது. இதை நீங்கள் மேடையில் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "அரிது" என்பதை "நடக்கவே நடக்காது" என்று ஆக்கும்போதுதான் கோபம் வருகிறது.

நடந்திருக்கிறது. 1983இல் வாஷிங்டன் மாநிலத்தில் அணுமின் நிலையங்கள் கட்ட வாங்கிய 225 கோடி டாலர் கடன் நின்றுபோனது. 1994இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி, பணக்கார ஊர்களில் ஒன்று, அதன் பொருளாளர் போட்ட வட்டிச் சூதாட்டத்தால் திவால் மனு போட்டது. 2011இல் அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டி சாக்கடைத் திட்டக் கடனால் விழுந்தது. 2013 ஜூலையில் டெட்ராய்ட், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு. டெட்ராய்ட்டில் ஒரே நகரத்தின் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். கடனுக்காகச் சொத்து வரியை வரம்பின்றி உயர்த்தலாம் என்ற வாக்குறுதி கொண்ட பத்திரக்காரர்களுக்கு டாலருக்கு 74 சென்ட் கிடைத்தது. வரிக்கு வரம்பு உள்ள பத்திரக்காரர்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இரண்டுமே நகரத்தின் பொதுக்கடன் பத்திரங்கள். இவை தவிர, ஒரு சுங்கச்சாலை அல்லது மருத்துவமனையின் வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் வருவாய்ப் பத்திரங்கள் தனி வகை. அந்தச் சாலையில் வண்டி ஓடாவிட்டால் ஊர் வரிப்பணத்திலிருந்து உங்களுக்குத் தரவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. "ஊர் நிர்வாகம் தரும்" என்று ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடுகிறீர்களே, எந்த ஊர், எந்த வருமானத்திலிருந்து என்று ஒரு நாளாவது சொன்னீர்களா?

போர்ட்டோ ரிக்கோவை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பத்திரங்களின் வட்டிக்கு, எந்த மாநிலத்தில் வசித்தாலும், மத்திய, மாநில, உள்ளூர் வருமான வரி மூன்றுமே கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நாடு முழுக்கப் பல ஃபண்டுகளில் அவை நிறைந்திருந்தன. 7,000 கோடி டாலரைத் தாண்டிய பத்திரக் கடன். வழக்கமான நகரத் திவால் சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. 2016இல் காங்கிரஸ் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. முக்கியக் கடன்கள் தீர 2022 வரை ஆனது. வரிச்சலுகை பெரிதாக இருந்த இடத்தில்தான் அத்தனை பெரிய அடி விழுந்தது. அந்த மூன்று வரியும் இல்லை என்ற பொருளில் "ட்ரிபிள் டாக்ஸ் ஃப்ரீ" என்று எங்கேயாவது கேட்டால் எனக்கு இப்போதும் ஒரு நெருடல்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேச்சின் உயிரே அதுதான். நான் அதிகமாகக் குறை காண்பதும் அங்கேதான்.

முதலில், வரியில்லை என்பதால் எல்லாருக்கும் லாபம் என்று ஆகிவிடாது. 24 சதவீத வரி வகுப்பில் இருப்பவருக்கு 3.5 சதவீத முனிசிபல் வட்டி, வரி கட்ட வேண்டிய 4.6 சதவீத வட்டிக்குச் சமம். 12 சதவீத வகுப்பில் இருப்பவருக்கு அதே பத்திரம் 3.98க்குத்தான் சமம். வங்கியின் குறித்தகால வைப்பான சி.டி. 4.25 தரும் காலத்தில் அந்த இரண்டாமவர் முனிசிபல் பாண்டு வாங்கினால் வரி மிச்சமாகிறது, வருமானம் குறைகிறது. உங்கள் பட்டறைக்கு வருகிற ஓய்வுபெற்றவர்களில் பலர் அந்த இரண்டாம் வகைதான். வேலையில் இருந்தபோது வரி அதிகம் கட்டியவர்கள் என்பதால் வரி என்ற சொல்லைக் கேட்டாலே பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் விற்பனைக்கு நன்றாக உதவுகிறது.

இன்னொரு தம்பதியின் காகிதங்களில், ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்குக்குள்ளேயே முனிசிபல் ஃபண்ட் இருந்தது. அந்தக் கணக்குக்குள் எந்த வட்டிக்கும் ஆண்டுதோறும் வரி இல்லை. சாதாரண ஐ.ஆர்.ஏ.விலிருந்து வெளியே எடுக்கும்போது அத்தனையும் வழக்கமான வருமானமாக வரிக்கு வரும். வரிச்சலுகைக்காகக் குறைந்த வட்டியை ஏற்றுக்கொண்டு, அந்தச் சலுகையையும் தொலைக்கிற ஏற்பாடு இது. இதை ஒரு ஆலோசகர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம், வரியில்லாத வட்டி கணக்கிலேயே வராது என்ற நம்பிக்கை. ஆண்டு வருமான வரித் தாக்கலுக்கான 1040 படிவத்தில் 2ஏ என்ற இடத்தில் அதைக் காட்டியே ஆக வேண்டும். அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி தொகையில் எவ்வளவு வரிக்கு உட்படும் என்று கணக்கிடும்போது அந்த வட்டியையும் கூட்டிக்கொள்வார்கள். சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு அந்தக் கணக்குத் தொகை (மற்ற வருமானம், இந்த வட்டி, சோஷியல் செக்யூரிட்டியில் பாதி, மூன்றும் சேர்ந்தது) 32,000 டாலரைத் தாண்டினாலே வரி தொடங்கிவிடும், 44,000ஐத் தாண்டினால் தொகையில் 85 சதவீதம் வரை வரிக்கு வரலாம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் பிரீமியம் கூடுமா என்று பார்க்கும்போதும் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தோடு இந்த வட்டியைச் சேர்த்தே பார்க்கிறார்கள். விற்று லாபம் வந்தால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. வேறு மாநிலத்துப் பத்திரமாக இருந்தால் உங்கள் மாநில வரி பெரும்பாலும் உண்டு. டெக்சஸ், ஃப்ளோரிடாவில் இருப்பவருக்கு மாநில வருமான வரியே இல்லை, எனவே "சொந்த மாநிலப் பத்திரம்" என்பதில் அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

நம்மவர்களுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. வெள்ளைக்கார ஆலோசகர் ஒருவருக்கு அது தோன்றாமல் போகலாம், உங்களுக்குத் தோன்றாமல் போகக் கூடாது. ஓய்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பப் போகிறீர்களா? இந்தியாவில் முழுமையான வசிப்பாளர் என்ற நிலை வந்துவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்துக்கு அங்கே வரி உண்டு. அமெரிக்க முனிசிபல் வட்டிக்கு அமெரிக்கா தரும் விலக்கை இந்திய வருமான வரிச் சட்டம் தருவதில்லை. அமெரிக்காவில் வரி கட்டாததால் அங்கே கழித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது. திரும்பிய புதிதில் சில ஆண்டுகள் ஒரு இடைநிலை கிடைக்கலாம், அதோடு சரி. மயிலாப்பூரிலோ கோவையிலோ ஃபிளாட் பார்த்து வைத்திருப்பவரிடம் முப்பது ஆண்டுப் பத்திரங்கள் கொண்ட ஃபண்டை "வரியில்லா வருமானம்" என்று விற்கும்போது இந்த ஒரு கேள்வியையாவது கேட்டிருக்க வேண்டாமா?

வருவாயைச் சொல்லும் விதத்திலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. "5 பர்சென்ட் டாக்ஸ் ஃப்ரீ" என்று திரையில் பெரிதாகப் போடுகிறீர்கள். 5 என்பது கூப்பன் வட்டி, அதாவது முகமதிப்பின் மேல் ஆண்டுதோறும் தரும் வட்டி. 10 ஆண்டில் முதிரும் அந்தப் பத்திரத்தை 11,200 டாலர் கொடுத்து வாங்கினால் முடிவில் திரும்புவது 10,000தான். உண்மையான வருவாய் ஏறக்குறைய 3.5 சதவீதம். முன்கூட்டியே திருப்பிக் கட்டிவிட்டால் இன்னும் குறையலாம். வாங்குபவர் பார்க்க வேண்டிய எண், கடன் நின்றுபோகாத வரை மிக மோசமான நிலையிலும் கிடைக்கக்கூடிய வருவாய். அந்த எண் உங்கள் திரையில் வந்ததே இல்லை. விற்பவர் பத்திரத்தின் விலையில் ஏற்றி வைக்கும் லாபமும் அப்படித்தான், கமிஷன் என்று தனியாகத் தெரியாது. சில்லறை முதலீட்டாளர்களின் பல பரிவர்த்தனைகளில் அதை, வாங்கியபின் வரும் உறுதிச்சீட்டில் காட்ட வேண்டும் என்ற விதி 2018 மே மாதம் முதல் இருக்கிறது. அந்தச் சீட்டில் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் யார்?

"ரொக்கம் மாதிரிதான்" என்ற வாக்கியத்துக்கும் வரலாறு உண்டு. ஏல வட்டிப் பத்திரங்கள் என்று ஒரு வகை, அடிக்கடி நடக்கும் ஏலத்தில் வட்டி முடிவாகும், விற்பதும் அந்த ஏலத்தில்தான். அதில் கணிசமான பகுதி முனிசிபல் கடன்கள். அதை அப்படித்தான் விற்றார்கள். 2008 பிப்ரவரியில் ஏலத்துக்கு ஆள் வராமல் அந்தச் சந்தை உறைந்தது. சுமார் 33,000 கோடி டாலர் சந்தை. மதிப்பு இருந்தும் எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். கண்காணிப்பு அமைப்புகள் தலையிட்டு, பெரிய நிறுவனங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி ஆனது. வேண்டிய நாளில் விற்க முடியுமா என்பதும் ரிஸ்க்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. வங்கி வைப்புக்கு இருக்கும் 2,50,000 டாலர் எஃப்.டி.ஐ.சி. பாதுகாப்பு முனிசிபல் பாண்டுக்குக் கிடையாது. புரோக்கர் கணக்குக்கான எஸ்.ஐ.பி.சி. பாதுகாப்பு, புரோக்கர் நிறுவனம் மூழ்கினால் உதவும், விலை விழுந்தால் உதவாது. உங்கள் கூட்டத்தில் இதை யாரோ கேட்டார்கள். "இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று பதில் வந்தது.

சங்கப் பொறுப்பாளர்களே, "நாங்கள் மேடை மட்டும்தான் தருகிறோம்" என்று சொல்வீர்கள். அந்த மேடையில் நிற்பவருக்குக் கிடைக்கும் நம்பிக்கை அவர் சம்பாதித்தது இல்லை. பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, சாவு வீட்டில் சமைத்துப் போட்டு, இந்தச் சங்கத்தின் சாதாரண உறுப்பினர்கள் சேர்த்த நம்பிக்கை அது. ஸ்பான்சர் தொகைக்கு நீங்கள் கொடுப்பது பேனர் இடத்தை மட்டுமல்ல.

என் கோரிக்கைகள் இவை. ஆலோசகர்களிடம்: எந்த முதலீட்டைப் பற்றித் தமிழில் பேசினாலும், அதன் ரிஸ்க்குகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வட்டி ஏறினால் எவ்வளவு விழும், எப்போது எடுக்க முடியாது, யார் கடன்காரர், எந்த வருமானத்திலிருந்து கட்டுவார், உங்களுக்கு இதில் எவ்வளவு கிடைக்கிறது, இவை அதில் எண்களோடு இருக்க வேண்டும். ஆளின் வரி வகுப்பு, பணம் தேவைப்படும் ஆண்டு, ஊர் திரும்பும் எண்ணம், இந்த மூன்றையும் கேட்காமல் எதையும் விற்காதீர்கள். எம்மா (EMMA) என்ற இலவச இணையதளத்தில் பெரும்பாலான முனிசிபல் பத்திரங்களின் ஆவணங்களும் விற்பனை விலைகளும் இருக்கின்றன. பட்டறையிலேயே அதைத் திறந்து, நீங்கள் விற்கும் பத்திரத்தைத் தேடிக் காட்டுங்கள்.

சங்கங்களிடம்: நிதி சார்ந்த பேச்சாளர் ஸ்பான்சராக இருந்தால், அதை அழைப்பிதழிலும் பேச்சு தொடங்கும் முன்னும் சொல்லுங்கள். அவருடைய உரிமமும் அவர் மீதான புகார்களும், புரோக்கர்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ராவின் புரோக்கர்செக் (BrokerCheck) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அழைக்கும் முன் ஒருவர் பார்த்து, பார்த்தோம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். பேச்சுக்கு எவ்வளவு நேரமோ அதில் பாதியாவது கேள்விகளுக்கு ஒதுக்குங்கள், அதுவும் சாப்பாட்டுக்கு முன்பாக. எதையும் விற்காத ஒருவரையும் அதே மேடைக்கு அழையுங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் நான் வருகிறேன், எனக்குப் பொன்னாடை வேண்டாம்.

எங்கள் சங்கத்தின் குழுவிடம் மட்டும் கூடுதலாக ஒன்று. இந்த மாற்றங்கள் இல்லாமல் தீபாவளி விழாவில் அந்தப் பேச்சு நடக்கக் கூடாது. நடத்துவதென்றே முடிவு செய்தால், ஏன் என்பதை எழுத்தில் உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் சங்க உறுப்பினர் ஒருவன்